ஒரு டாலர் என்ன விலை ஆச்சு?

எங்கள் அம்மா காய்கறி விலையை எப்போதும் ஒரே எண்ணாகத்தான் சொல்வார். திருச்சி காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் கிலோவுக்கு அஞ்சு ரூபாய் மலிவு என்று பக்கத்து வீட்டு அக்கா வந்து சொன்னால், அம்மா உடனே கேட்பார்: "போக வர பஸ் காசையும் சேர்த்துச் சொல்லு, கிலோ என்ன விலை ஆச்சு?" அக்கா விரலை மடக்கி எண்ணிப் பார்ப்பார். இரண்டு கிலோ வாங்கப் போனவருக்கு நஷ்டம், பத்து கிலோ வாங்கியவருக்கு லாபம் என்று தெரிந்துவிடும்.

போன வருஷம் அம்மாவை அழைத்துக்கொண்டு சிங்கப்பூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய் வந்தோம். திருச்சியிலிருந்து நேர் விமானம், ஒன்பது நாள் தங்கல். திரும்பி வந்து மூன்று வாரம் கழித்து கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டுகள் வந்தன. என் கார்டு, மனைவியின் கார்டு, பயணத்துக்காகவே புதிதாக வாங்கிய இன்னொரு கார்டு. மூன்றையும் மேஜையில் பரப்பி, ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரே ஊர், ஒரே வாரம், ஒரே டாலர். ஆனால் மூன்று கார்டிலும் டாலரின் விலை வெவ்வேறாக இருந்தது. அம்மாவின் அந்தக் கேள்வியை அன்றுதான் என் கார்டுகளிடம் கேட்டேன். அந்தக் கணக்கை அப்படியே உங்களிடம் தருகிறேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிற பெற்றோருக்கும், படிக்கப் போகிற பிள்ளைகளுக்கும் இது உதவ வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஸ்டேட்மென்ட்டில் மூன்று வரி

என் கார்டின் ஸ்டேட்மென்ட்டில் ஒவ்வொரு சிங்கப்பூர் செலவுக்கும் மூன்று வரிகள் இருந்தன. முதல் வரியில் கடையின் பெயர், டாலர் தொகை, அதற்கான ரூபாய். அடுத்த வரியில் 'ஃபாரின் கரன்சி மார்க்கப்' என்று ஒரு தொகை. மூன்றாவதில் அந்த மார்க்கப்புக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. மனைவியின் கார்டில் இப்படிப் பிரிக்கவே இல்லை. மார்க்கப்பை முதல் தொகையிலேயே கலந்து, ஜிஎஸ்டியை மட்டும் தனியாகப் போட்டிருந்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் கட்டணமே இல்லாத கார்டு மாதிரித் தெரியும். வகுத்துப் பார்த்தால்தான் உண்மை வெளியே வரும்.

இதில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று விகிதம், இன்னொன்று கட்டணம்.

டாலரை ரூபாயாக மாற்றும் விகிதத்தை நம் வங்கி தன் இஷ்டத்துக்கு வைப்பதில்லை. பெரும்பாலான கார்டுகளில் விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க்தான் அதை நிர்ணயிக்கிறது. அந்த விகிதம் சந்தை விகிதத்துக்கு மிகப் பக்கத்தில்தான் இருக்கும். இரண்டு நிறுவனங்களும் தங்கள் இணையதளத்தில் விகிதக் கால்குலேட்டர் வைத்திருக்கின்றன. தேதியையும் நாணயத்தையும் கொடுத்தால் போதும். 'வங்கிக் கட்டணம்' என்று கேட்கும் கட்டத்தில் பூஜ்யம் போட்டுப் பார்த்தால், கலப்பில்லாத விகிதம் கிடைக்கும். கார்டு தேய்த்தவுடன் போனில் வருகிற தொகையும் ஸ்டேட்மென்ட் தொகையும் கொஞ்சம் மாறியிருந்தால் பதற வேண்டாம். கடையிலிருந்து பில் வந்து கணக்கில் ஏறுவதற்கு ஓரிரு நாள் ஆகும். அதற்குள் விகிதம் நகர்ந்திருக்கலாம்.

நம் வங்கி வாங்குவது அதற்கு மேல் போடுகிற மார்க்கப். இந்தியாவில் சாதாரண கிரெடிட் கார்டுகள் பலவற்றில் இது 3.5 சதவீதம். ஆண்டுக் கட்டணம் அதிகமான உயர் ரக கார்டுகளில் 2 சதவீதம் என்பது பரவலாக இருக்கிறது. மார்க்கப்பே இல்லாத கார்டுகளும் இப்போது சில வங்கிகளில் கிடைக்கின்றன. மார்க்கப்புக்கு ஜிஎஸ்டி உண்டு என்பதால் 3.5 என்பது கையில் 4.13 ஆகிறது, 2 என்பது 2.36 ஆகிறது. விளம்பரத்தில் 3.5 என்றுதான் இருக்கும். நாம் கொடுப்பது 4.13.

தேக்காவில் இரண்டு பெட்டி

இனி சொல்லப்போவதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

லிட்டில் இந்தியாவை அங்குள்ள நம் ஆட்கள் தேக்கா என்றுதான் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே ஒரு கடையில் ஒரு பெரிய பெட்டி, மருமகளுக்கு ஒரு பை, அம்மாவுக்கு நடக்க வசதியாக ஒரு செருப்பு வாங்கினோம். மொத்தம் 240 டாலர். கல்லாவில் இருந்த தம்பி நம் ஊர்ப்பக்கம்தான். கார்டை மெஷினில் செருகியதும், "அண்ணே, உங்க ரூபாயிலேயே போட்டுடறேன், எவ்வளவுன்னு இங்கயே தெரிஞ்சுடும்" என்று ஒரு பெட்டியைத் தொட்டார். நான் பின் நம்பர் போட்டேன். துண்டுச்சீட்டு வந்தது. பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

இரவு தங்கை வீட்டில் மாப்பிள்ளை அந்தச் சீட்டை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். "மச்சான், இதை டாலர்ல போடச் சொல்லியிருக்கணும்" என்றார். சீட்டில் 240 டாலருக்குக் கீழே ரூபாய்த் தொகை தடித்த எழுத்தில் இருந்தது. அதற்கும் கீழே, கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத எழுத்தில், ஒரு டாலருக்கு எவ்வளவு ரூபாய் என்ற விகிதம்.

மறுநாள் வேறொரு கடையில் மெஷினின் திரையை நானே எட்டிப் பார்த்தேன். ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பெட்டிகள். மேலே ஐஎன்ஆர், கீழே எஸ்ஜிடி. கல்லாக்காரர் கை மேல் பெட்டிக்குப் போவதற்குள், "டாலர்லயே போடுங்க" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கீழ்ப் பெட்டியைத் தொட்டார். அவ்வளவுதான் விஷயம்.

இதற்குப் பெயர் டைனமிக் கரன்சி கன்வர்ஷன், சுருக்கமாக டிசிசி. நம் கார்டு இந்தியக் கார்டு என்று மெஷினுக்குத் தெரியும். உடனே ரூபாயில் ஒரு தொகையைக் காட்டும். அந்த ரூபாயை நிர்ணயிப்பது விசாவோ மாஸ்டர்கார்டோ நம் வங்கியோ இல்லை. கடைக்கு மெஷின் சேவை தருகிற தரப்பு. சந்தை விகிதத்துக்கு மேல் அவர்கள் வைக்கிற லாபம், கடைக்காரருக்கும் மெஷின் தருபவருக்கும் இடையில் பங்காகிறது. கல்லாவில் நிற்கும் தம்பியைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் சொல்கிறார். நமக்கு வசதி என்றே நினைத்தும் சொல்லியிருக்கலாம்.

ஆனால் எந்த நாணயம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கார்டு வைத்திருப்பவருக்குத்தான். நெட்வொர்க்குகளின் விதியே அதுதான். கேட்காமல் ரூபாயில் போட்டுவிட்டால், கையெழுத்தோ பின் நம்பரோ போடுவதற்கு முன் நிறுத்தச் சொல்லலாம். போட்ட பிறகும் அங்கேயே நின்று, அந்த பில்லை ரத்து செய்து உள்ளூர் நாணயத்தில் மறுபடி போடச் சொல்லலாம். நான் சீட்டைப் படிக்காமல் நகர்ந்துவிட்டேன். நீங்கள் படித்துவிட்டு நகருங்கள்.

இதோடு முடியவில்லை. ரூபாயில் கொடுத்துவிட்டால் அன்னிய நாணய மார்க்கப் கிடையாது என்று பலரும் நம்புகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வெளிநாட்டில் பதிவான கடைக்கு ரூபாயில் கொடுத்தால், அதற்கென்றே 1 சதவீதமும் ஜிஎஸ்டியும் பிடிக்கிற வங்கிகள் இங்கே பல. என் கார்டிலும் பிடித்திருந்தார்கள். ஆக, மோசமான விகிதம் ஒரு பக்கம், அதன் மேல் கட்டணம் இன்னொரு பக்கம்.

நோட்டில் போட்ட கணக்கு

எண்களைப் பார்த்துவிடுவோம். படிக்க எளிதாக இருக்க, நெட்வொர்க் விகிதம் ஒரு சிங்கப்பூர் டாலருக்குச் சரியாக 65 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த மெஷின் காட்டிய ரூபாய் விகிதத்தையும் அதே அளவுகோலில் 68.70 என்று வைக்கிறேன். செலவு 240 டாலர். கட்டணமே இல்லாவிட்டால் 15,600 ரூபாய்.

மார்க்கப் இல்லாத கார்டு: 15,600 ரூபாய். டாலர் விலை 65.00.

2 சதவீத கார்டு: மார்க்கப் 312, ஜிஎஸ்டி 56.16. மொத்தம் 15,968.16 ரூபாய். டாலர் விலை 66.53.

3.5 சதவீத கார்டு: மார்க்கப் 546, ஜிஎஸ்டி 98.28. மொத்தம் 16,244.28 ரூபாய். டாலர் விலை 67.68.

கடை மெஷினில் ரூபாயில் போட்டது: 16,488 ரூபாய். அதன் மேல் 1 சதவீதம் 164.88, ஜிஎஸ்டி 29.68. மொத்தம் 16,682.56 ரூபாய். டாலர் விலை 69.51.

கடைசி எண்ணைத்தான் கவனமாகப் பார்க்கச் சொல்கிறேன். கையில் இருப்பதிலேயே கட்டணம் அதிகமான கார்டை டாலரில் தேய்த்திருந்தாலும், ரூபாயில் தேய்த்ததைவிட 438 ரூபாய் மிச்சம். எந்த கார்டு நல்லது என்று வாரக்கணக்கில் ஆராய்வதற்கு முன்னால், சரியான பெட்டியைத் தொடப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

ஒப்பிடும் வழியும் இதிலேயே இருக்கிறது. ஒருவர் 'கமிஷன் இல்லை' என்பார், விகிதத்தில் எடுத்துவிடுவார். இன்னொருவர் நல்ல விகிதம் தருவார், கட்டணமாக வாங்கிவிடுவார். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் குழப்பம்தான். கடைசியில் நம் கையிலிருந்து போன மொத்த ரூபாயை, கிடைத்த வெளிநாட்டு நாணயத்தால் வகுத்துவிடுங்கள். வருகிற எண்தான் விலை. பஸ் காசும் அதில் அடங்கிவிடும்.

மார்க்கப் இல்லாத கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். ஜிஎஸ்டியோடு 1,180 ரூபாய் ஆண்டுக் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். 3.5 சதவீத கார்டோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ 28,600 ரூபாய் வெளிநாட்டில் செலவு செய்தாலே அந்தக் கட்டணம் திரும்பிவிடும். ஒன்றரை லட்சம் செலவாகிற குடும்பப் பயணத்தில் 3.5 சதவீத கார்டு பிடிப்பது 6,195 ரூபாய். ரிவார்டு பாயின்ட் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கட்டும், நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போகிற விலையில் அந்தப் பாயின்ட்டைப் போட்டுக் கழித்துப் பாருங்கள். வெளிநாட்டுச் செலவுக்கு கூடுதல் பாயின்ட் தருகிற 2 சதவீத கார்டு சிலருக்குச் சமமாக வந்துவிடும். பாயின்ட்டை எடுக்கவே மறந்துவிடுகிறவருக்கு வராது.

ரொக்கம் வேண்டுமென்றால்

கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் போடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். பல கார்டுகளில் ரொக்கம் எடுப்பதற்குக் கட்டணம் 2.5 சதவீதம், குறைந்தது 500 ரூபாய். 200 டாலர் எடுத்தால், அதே 65 ரூபாய் விகிதத்தில் 13,000. ரொக்கக் கட்டணம் 500, அதற்கு ஜிஎஸ்டி 90, மார்க்கப் 455, அதற்கு ஜிஎஸ்டி 81.90. டாலர் விலை 70.63 ஆகிவிடுகிறது. கடையில் தேய்த்த செலவுக்குக் கிடைக்கிற வட்டியில்லாத நாட்கள் ரொக்கத்துக்குக் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும். உள்ளூர் ஏடிஎம் தனியாகக் கேட்கிற கட்டணம் வேறு. தாய்லாந்தில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் பிடிக்கிற ஏடிஎம்கள் உண்டு. நூறு பாட் எடுத்தாலும் அதே கட்டணம்தான்.

கைச்செலவுக்கு ஊரிலேயே கொஞ்சம் டாலர் வாங்கிக்கொண்டு போவது நல்லது. ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை வெளிநாட்டு நோட்டாகக் கொண்டுபோகலாம். இந்திய ரூபாயாக 25,000 வரை. இரண்டு மூன்று இடங்களில் விகிதம் கேளுங்கள். கேட்கும்போது "டாலர் என்ன ரேட்?" என்று கேட்காமல், "எல்லாம் சேர்த்து 300 டாலருக்கு நான் எவ்வளவு தரணும்?" என்று கேளுங்கள். நாணய மாற்றுக்கும் ஜிஎஸ்டி உண்டு. ஒரு லட்சம் ரூபாய் வரை, மாற்றும் தொகையின் 1 சதவீதத்துக்கு 18 சதவீதம். குறைந்தது 45 ரூபாய்.

முன்கூட்டிப் பணம் ஏற்றுகிற ஃபாரெக்ஸ் கார்டு எங்கள் உறவினர் பலர் விரும்புவது. ஏற்றிய அன்றே விகிதம் உறுதியாகிவிடும். பிள்ளைக்குக் கொடுத்தனுப்பவும் கிரெடிட் கார்டைவிட நிம்மதி. ஆனால் அமெரிக்க டாலர் ஏற்றிய கார்டை சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ தேய்த்தால், நாணயம் மாறுவதற்கென்று தனிக் கட்டணம் விழும். போகிற நாட்டு நாணயத்தையே ஏற்றுங்கள். மிச்சத்தைத் திருப்பி ரூபாயாக்கும்போது விகிதம் குறைவாகத்தான் கிடைக்கும், அளந்து ஏற்றுங்கள்.

வரி விஷயத்திலும் ஃபாரெக்ஸ் கார்டுக்கும் கிரெடிட் கார்டுக்கும் வித்தியாசம் உண்டு. ஃபாரெக்ஸ் கார்டும் டெபிட் கார்டும் எல்ஆர்எஸ் எனப்படும் ரிசர்வ் வங்கியின் திட்டத்தில் சேரும். ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுமதி. அதில் 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் டிசிஎஸ் என்ற வரிப் பிடித்தம். வெளிநாட்டில் இருக்கும்போது கிரெடிட் கார்டில் செய்கிற செலவையும் இதில் சேர்ப்பதாக 2023 மே மாதம் அறிவித்தார்கள். ஜூன் 28 அன்று அதைத் தள்ளிவைத்தார்கள். டிசிஎஸ் என்பது போய்விடுகிற பணம் இல்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனாலும் அதுவரை நம் கையில் இருக்காது.

சின்னச் சின்ன இடங்கள்

சிங்கப்பூரில் பேருந்திலும் ரயிலிலும் நம் விசா, மாஸ்டர்கார்டை நேரடியாகத் தட்டிப் போகலாம். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. வெளிநாட்டுக் கார்டு என்பதால் பயன்படுத்துகிற ஒவ்வொரு நாளுக்கும் 60 சென்ட் நிர்வாகக் கட்டணம் சேரும். நான்கு பேர், ஒன்பது நாள் என்றால் அங்கேயே பயண அட்டை வாங்கிவிடுவது மேல்.

வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தால், பணம் திரும்புகிற நாளின் விகிதத்தில்தான் ரூபாய் வரும். பிடித்த மார்க்கப் திரும்பி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அளவு பார்த்து வாங்குங்கள்.

ஊரில் உட்கார்ந்தபடியே வெளிநாட்டுத் தளத்தில் ஓட்டலோ படிப்புக் கட்டணமோ கட்டும்போதும் அதே இரண்டு பெட்டி வரும். ரூபாயில் விலை காட்டுவதாலேயே அது இந்தியக் கணக்கு ஆகிவிடாது. அந்த நிறுவனம் வெளிநாட்டில் பதிவானதாக இருந்தால் 1 சதவீதக் கட்டணம் வரலாம்.

கிளம்புவதற்கு முந்தின வாரம்

முதலில், கார்டோடு வந்த எம்ஐடிசி என்ற முக்கிய விதிமுறைத் தாளை எடுங்கள். தொலைந்திருந்தால் வங்கியின் இணையதளத்தில் இருக்கும். அதில் அன்னிய நாணயப் பரிவர்த்தனை, வெளிநாட்டில் ரூபாய்ப் பரிவர்த்தனை, ரொக்கம் எடுப்பது என்ற மூன்று கட்டணங்களை மட்டும் தேடி நோட்டில் எழுதுங்கள். கார்டை ஒப்பிட இந்த மூன்று எண் போதும்.

அடுத்து, வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் பிறப்பித்து அந்த ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்த உத்தரவின்படி, புதிய கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும் திறந்தபடிதான் வருகின்றன. போகும் முன் திறந்து, ஒரு வரம்பு வையுங்கள். திரும்பியதும் மறக்காமல் மூடிவிடுங்கள். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓடிபி கேட்காமலே பணம் போய்விடும்.

கடைசியாக, இரண்டு கார்டு கொண்டுபோங்கள், இரண்டும் வேறு வேறு நெட்வொர்க்காக இருக்கட்டும். ஒன்று வேலை செய்யாத கடையில் இன்னொன்று கைகொடுக்கும்.

கணக்கை முடித்துவிட்டு நோட்டோடு அம்மாவிடம் போனேன். வாசலில் அந்தச் செருப்பைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் செருப்பு என்ன விலை ஆச்சுன்னு கேட்டியேம்மா, அறுபது டாலர். நம்ம காசுக்கு நாலாயிரத்து நூத்தி எழுபது" என்றேன். "கீழ்ப் பெட்டியைத் தொட்டு, அந்தப் புது கார்டுல போட்டிருந்தா மூவாயிரத்துத் தொள்ளாயிரம்."

அம்மா மனதுக்குள் கழித்துப் பார்த்தார். "அப்ப அந்த இருநூத்தி எழுபது எதுக்குடா குடுத்தோம்?"

விகிதம், மார்க்கப், ஜிஎஸ்டி என்று விளக்க வாயெடுத்தேன். அவர் கேட்டது அது இல்லை. அந்தப் பணத்துக்கு நமக்கு என்ன வந்தது என்று கேட்டார். ஒன்றும் வரவில்லை என்று சொன்னேன்.

"அடுத்த தடவை டாலர்லயே குடு" என்று செருப்பைச் சுவரோரம் வைத்தார்.